பழைய பைக்குக்கு யார் காவல்?

ரப்பர் பால் வெட்டு வெயிலுக்கு முந்திக்கொள்ள வேண்டிய வேலை. வெயில் ஏற ஏற மரத்தில் பால் ஓட்டம் குறையும் என்பதால், திருவட்டாறு, குலசேகரம், அருமனை வட்டாரத்து வெட்டுத் தொழிலாளர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே தோட்டத்துக்குள் இறங்கிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் பேருந்தை நம்ப முடியாது. வீட்டிலிருந்து தோட்டம் வரை கொண்டுசேர்ப்பது பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடம் ஓடித் தேய்ந்த ஒரு பைக்தான். அதைப் பாதையோரம் நிறுத்திவிட்டுப் போனால், நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி முடித்துத் திரும்பும்வரை வண்டி கண்ணுக்கு எட்டாத தூரத்தில் தனியாக நிற்கும். திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் குழித்துறை ரயில் நிலையத்திலும் மார்த்தாண்டத்திலும் விட்டுச்செல்லும் வண்டிகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே. இந்த வண்டிகளுக்குச் சந்தையில் விலை குறைவு, வீட்டில் மதிப்பு அதிகம். திருட்டைத் தடுக்க அரசும் நிறுவனங்களும் செய்துவைத்திருக்கும் ஏற்பாடுகளோ விலையை மட்டுமே பார்க்கின்றன. அதனால் புதிய வண்டிக்குக் காவல் கூடக் கூட, பழைய வண்டி திருடனுக்கு இன்னும் எளிதான இலக்காகிறது.

இதற்கு ஊகம் தேவையில்லை. திருட்டைத் தடுக்கும் கருவியைப் புதிய வண்டிக்கு மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய சான்று இருக்கிறது. அன்றைய மேற்கு ஜெர்மனி 1960களின் தொடக்கத்தில் கார்களுக்கு ஸ்டியரிங் பூட்டைக் கட்டாயமாக்கியது. புதிய கார்களோடு நிற்காமல், 1963இல் சாலையில் ஓடிக்கொண்டிருந்த பழைய கார்களுக்கும் அதை விரித்தது. கார்த் திருட்டு கணிசமாக இறங்கியது. பிரிட்டன் 1971இல் அதே பூட்டைப் புதிய கார்களுக்கு மட்டும் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் உள்துறை 1976இல் வெளியிட்ட ஓர் ஆய்வு லண்டன் மாநகரக் காவல் எல்லைக் கணக்கை எடுத்துப் பார்த்தது. 1969இல் களவுபோன வண்டிகளில் புதியவை ஏறத்தாழ 21 விழுக்காடு; 1973இல் அது 5 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. மொத்தத் திருட்டு மட்டும் குறையவே இல்லை. திருடர்கள் பூட்டில்லாத பழைய வண்டிகளுக்கு மாறிக்கொண்டார்கள். புதிய கார் வாங்க முடிந்தவரின் நிம்மதிக்கு, வாங்க முடியாதவர் விலை கொடுத்தார்.

இந்தியாவில் இருசக்கர வண்டிகளுக்கு நாம் தேர்ந்தெடுத்திருப்பது பிரிட்டன் போன வழி. எளிதில் கழற்ற முடியாத பூட்டும் லேசர் எண்ணும் கொண்ட உயர் பாதுகாப்பு எண் தகடு, 2019 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வரும் வண்டிகளுக்குத் தயாரிப்பாளரே பொருத்திக் கொடுக்க வேண்டியதானது. அதற்கு முந்தைய ஸ்ப்ளெண்டரிலும் பேஷனிலும் தெருவோரக் கடையில் எழுதிய தகடு இரண்டு திருகாணியில் நிற்கிறது. கழற்றி வேறொன்றை மாட்ட ஐந்து நிமிடம் போதும். விலை உயர்ந்த ஸ்கூட்டர்களுக்குச் சாவியில்லாத மின்னணுப் பூட்டும், கைபேசியோடு பேசும் வசதியும் வந்துவிட்டன. ஹீரோ ஹோண்டா 1994இல் ஸ்ப்ளெண்டரைக் கொண்டுவந்த காலத்துப் பூட்டு அமைப்போ ஒரு சின்னத் தகட்டுச் சாவியை மட்டும் நம்பியது. பத்து வருடம் தினமும் செருகி எடுத்த சாவியும் தேயும், பூட்டும் தேயும். ஒரு வண்டிச் சாவி இன்னொரு வண்டியைத் திறக்கிறது என்று ஊரில் சிரித்துக்கொண்டு சொல்வது வெறும் கதையல்ல, தேய்ந்த பூட்டின் இயல்பு. இதோடு உதிரிபாகச் சந்தையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். லட்சக்கணக்கில் ஓடும் ஒரே வகை வண்டியின் எஞ்சின், கார்புரேட்டர், சக்கரம், டேங்க் எதற்கும் வாங்க ஆள் உண்டு. முழு வண்டியாக விற்க ஆவணம் வேண்டும், பிரித்து விற்க வேண்டாம். யமஹா ஆர்.எக்ஸ். 100 போல 1996லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டியென்றால் பழசே அதற்கு விலை ஆகிவிடுகிறது.

காப்பீட்டின் கணக்கு இன்னும் கறாரானது. வண்டியின் காப்பீட்டு மதிப்பை ஆண்டுதோறும் கழித்துக்கொண்டே வரும் அட்டவணைப்படி, நான்கு வருடம் தாண்டி ஐந்தாவது வருடத்தில் பாதி போய்விடும். அதற்கு மேல் நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்யும் தொகைதான். பழைய வண்டிக்காரர் அந்தத் தொகையையும் அதற்கான பிரீமியத்தையும் பார்த்துவிட்டு, சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் நபர் காப்பீட்டோடு நிறுத்திக்கொள்கிறார். போலீஸ் சோதனையில் காட்ட அது போதும். வண்டி களவுபோனால் அதில் ஒரு ரூபாய் கிடைக்காது. இது தெரியாமல், "இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். மூன்றாம் நபர் பொறுப்போடு தீ, திருட்டு இரண்டை மட்டும் சேர்த்துக்கொள்ளும் ஒரு வகை, பழைய மோட்டார் கட்டண விதிமுறையிலேயே இருந்தது. பழைய வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான காப்பீடு இல்லை. அதை முன்வந்து சொல்லும் முகவரைக் காண்பதுதான் அரிது. கமிஷன் சில ரூபாயாக இருக்கும் ஒன்றை யார் விற்பார்கள்?

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டமும் விலையை வைத்து ஒரு கோடு கிழிக்கிறது. திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை என்று சொல்லும் 303ஆம் பிரிவு, பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் முறை தண்டனை பெறுபவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவை போதும் என்கிறது. சின்னத் திருட்டுக்காக ஒருவரைச் சிறையில் தள்ளாமல் இருப்பது நல்ல நோக்கம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 2004ஆம் வருடத்து வண்டிக்கு யார் விலை போடுவது, எந்தக் கணக்கில் போடுவது? எடைக்குப் போட்டால் ஒரு விலை, ஓடும் வண்டியாக விற்றால் ஒரு விலை, அதை இழந்தவர் வேறொன்று வாங்கக் கொடுக்க வேண்டிய விலை மூன்றாவது. புதிய நூறு சி.சி. வண்டி ஒன்றைச் சாலையில் இறக்க இன்று பல பத்தாயிரம் ரூபாய் வேண்டும். வெட்டுக் கூலியில் வாழ்பவருக்குத் தன் பழைய வண்டியின் மதிப்பு அந்த மூன்றாவது தொகைதான். புகாரை எழுதும் நிலையத்திலேயே அது முதல் தொகையாகச் சுருங்கிவிடக் கூடாது.

இதுவரை சொன்னவை அரசும் நிறுவனங்களும் விட்ட இடைவெளிகள். இனிச் சொல்வது உரிமையாளர்களாகிய நாம் விட்டது. பழைய வண்டியை நிராதரவாக்குவதில் இதற்குத்தான் பெரிய பங்கு. ஒரு பழைய பைக் மூன்று நான்கு கை மாறி வந்திருக்கும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் 29, 30ஆம் படிவங்களில் முதல் உரிமையாளரின் கையெழுத்தை மட்டும் வாங்கி ஆர்.சி. புத்தகத்துக்குள் மடித்து வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பலரும் பல வருடம் தெரிவிப்பதில்லை. வண்டி ஓடும்வரை இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. களவுபோன மறுநாள்தான், அரசுப் பதிவேட்டைப் பொறுத்தவரை அந்த வண்டி தன்னுடையது அல்ல என்பது தெரியவரும். புகார் கொடுக்கப் போனால் முதல் கேள்வியே "ஆர்.சி. யார் பெயரில்?" என்பதுதான். அந்தப் பெயருக்குரியவர் வெளிநாட்டில் இருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். விற்றவருக்கும் இதில் ஆபத்து உண்டு. பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டியை விற்றுப் பணத்தைச் செலவழித்து மறந்தும்போனவரின் வாசலுக்கு நோட்டீஸ் வரலாம்.

எல்லையோரத்தில் இந்த அலட்சியத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. திருவட்டாறிலிருந்து களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குள் நுழைவது ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம். 1956 நவம்பர் 1 அன்று இந்த வட்டாரம் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நிர்வாகம் பிரிந்ததே தவிர, போக்குவரத்தும் வேலையும் சந்தையும் பிரியவில்லை. இந்தப் பக்கத்து டி.என். 75 எண் அங்கே யார் கண்ணையும் உறுத்தாது, அந்தப் பக்கத்து எண் இங்கே உறுத்தாததுபோல. கேரளம் 2023 ஜூனில் 726 கேமராக்களைச் சாலைகளில் இயக்கத் தொடங்கியது. அவற்றில் பெரும்பாலானவை தலைக்கவசம் இல்லாதவரைத் தானாகவே கண்டுகொண்டு எண்ணைப் படம்பிடிப்பவை. களவுபோன வண்டி அப்படி ஒரு கேமராவில் சிக்கினால் எந்த இடம், எந்த நேரம் என்ற தகவல் அபராதச் செய்தியாகப் பதிவேட்டில் உள்ள கைபேசிக்குப் போகும். எத்தனை பழைய வண்டிகளின் பதிவேட்டில் இன்றைய உரிமையாளரின் எண் இருக்கிறது? கைபேசி எண்ணே பதியப்படாத காலத்து வண்டிகள் பல. பதியப்பட்டவற்றிலும், விற்றவருக்கு அந்தச் செய்தி போய், "நமக்கென்ன" என்று அழிக்கப்படும். காசு கொடுத்து வாங்கும் ஜி.பி.எஸ். கருவி தருவதை, பெயர் மாற்றிய ஒரு ஆர்.சி. ஓரளவுக்கு இலவசமாகவே தருகிறது. அந்தக் கருவி, பழைய ஸ்ப்ளெண்டரில் இருக்கும் 2.5 ஆம்பியர்-ஹவர் பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும் என்பது வேறு விஷயம்.

ஆவணத்தைச் சரிசெய்யாததற்கு மக்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பதினைந்து வருடம் முடிந்த பைக்கின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. அதன் மேல் பசுமை வரி, தாமதக் கட்டணம், தகுதிச் சோதனைக்கு ஒரு நாள் கூலி இழப்பு, இடைத்தரகர் செலவு. மாசுபடுத்தும் பழைய வண்டிகளைக் குறைப்பதே நோக்கம் என்று இதற்கு விளக்கம் சொல்லப்படுகிறது. கட்டணம் கூடினால் வண்டி குறையும் என்று கோப்பில் எழுதலாம். களத்தில் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும், பதிவுதான் காலாவதியாகும். காலாவதியான பதிவோடு ஓடும் வண்டி களவுபோனால், அபராதத்துக்குப் பயந்து நிலையப் படியேறத் தயங்குகிறவர்கள் உண்டு. திருடனுக்கு இதைவிட வேறு பாதுகாப்பு தேவையில்லை.

தயங்காமல் போகிறவருக்கும் முதல் தகவல் அறிக்கை எளிதில் கிடைப்பதில்லை. புகார் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து, "தேடிப் பார்க்கிறோம், நீங்களும் பாருங்கள்" என்று அனுப்புவது தமிழ்நாடு முழுவதும் பழகிப்போன நடைமுறை. கைது செய்யத்தக்க குற்றம் எனத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் துணைக் கண்காணிப்பாளர் அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கிறது. பிரித்து விற்கப்படும் வண்டிக்குப் பதினான்கு நாள் என்பது ஒரு யுகம். கிடைத்த வண்டிகளின் கதியோ இன்னும் மோசம். எந்தக் காவல் நிலைய வளாகத்தைப் பார்த்தாலும் கொடி படர்ந்து, மழையில் துருவேறி நிற்கும் பைக் வரிசை ஒன்று இருக்கும். இப்படி நிறுத்திவைக்காதீர்கள், படம் எடுத்து, பிணை வாங்கி உரியவரிடம் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொன்னது. இப்போது சட்டத்திலேயே 14 நாளில் பட்டியலும் படமும், 30 நாளில் ஒப்படைப்பு உத்தரவும் என்று காலவரை வந்துவிட்டது. நீதிமன்றத்துக்கு அலையும் செலவு வண்டியின் விலையைத் தொட்டுவிடும் என்பதால் பழைய வண்டிக்காரர்தான் முதலில் கைவிடுகிறார்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். பத்தாயிரம் ரூபாய் வண்டிக்கு ஆயிரம் ரூபாய் பூட்டா? கேட்பவர் விற்கப்போகும் விலையை நினைக்கிறார். வண்டி போன மாதத்தில் இழக்கும் கூலி நாட்களையும், ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசையும், வட்டிக்கு வாங்கும் அடுத்த வண்டியின் தவணையையும் கூட்டிப் பார்த்தால் பூட்டு மலிவாகத் தெரியும். ஆனால் எந்தப் பூட்டு என்பதில் கவனம் தேவை. கடைகளில் முதலில் எடுத்து நீட்டும் டிஸ்க் பூட்டு, டிஸ்க் பிரேக் உள்ள வண்டிக்கானது. பழைய வண்டிகளில் பெரும்பாலானவை டிரம் பிரேக். அதில் மாட்ட இடமே இல்லை. சக்கரக் கம்பிகளுக்கு நடுவே மட்டும் போடும் மெல்லிய பூட்டும் அதிகம் தாங்காது. தடித்த சங்கிலி, வண்டியின் சட்டத்தைச் சுற்றி, நகராத ஒரு கல்தூணோடு சேர்ந்தால்தான் பயன். வெட்டுப்பட்டை உள்ள ரப்பர் மரத்தில் சங்கிலி கட்டத் தோட்டக்காரர் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் கூடாது. தோட்ட வாசலில் இரண்டு கான்கிரீட் கால் நட்டுக் கொடுப்பது அவருக்குப் பெரிய செலவல்ல. எல்லாவற்றுக்கும் முன்னால் தேய்ந்த லாக் செட்டை மாற்ற வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் ஆயில் மாற்றும்போதே முடிந்துவிடும் வேலை. பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு இறங்கும் பழைய பழக்கமும் நல்லதுதான், ஓட்டிப்போகிறவன் சிறிது தூரத்தில் நின்றுவிடுவான். ஆனால் விஷயம் தெரிந்தவனிடம் அது செல்லாது.

துணிந்தவன் எந்தப் பூட்டையும் உடைப்பான் என்பது அடுத்த மறுப்பு. உடைப்பான்தான். பழைய பைக்கை எடுப்பவர்களில் எல்லோரும் அப்படிப்பட்டவர்கள் அல்ல. வாய்ப்புக் கிடைத்ததால் எடுப்பவர்கள் பலர். இதற்கும் ஜெர்மனியில் ஒரு சான்று உண்டு. தலைக்கவசம் அணியாத மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்கு 1980இல் அங்கே உடனடி அபராதம் கொண்டுவந்தார்கள். உயிர் காக்கக் கொண்டுவந்த விதி அது. அந்த ஆண்டு 1.5 லட்சத்தைத் தொட்ட மோட்டார் சைக்கிள் திருட்டு, 1986இல் ஏறத்தாழ 54,000 ஆகிவிட்டது. வழியில் கண்ட வண்டியை எடுத்துக்கொண்டு போக நினைத்தவன் கையில் தலைக்கவசம் இல்லை, இல்லாமல் ஓட்டினால் உடனே பிடிபடுவான். பைக் கிடைக்காதவர்கள் காருக்கு மாறியதாகவும் தெரியவில்லை. தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் தலைக்கவச விதி கடுமையானது. திருவட்டாறின் உட்சாலைகளில் அது எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதை வாசகரே அறிவார். எல்லோரும் வெறுந்தலையோடு போகும் சாலையில் திருடனும் ஊர்க்காரனாகத்தான் தெரிவான்.

பழைய வண்டிகளே வேண்டாம், கழித்துவிடுவதுதான் நாட்டுக்கு நல்லது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். புகையும் எரிபொருள் விரயமும் உண்மையான கவலைகள். மாற்று வண்டி வாங்கக் கடனும், விடியற்காலையில் குலசேகரத்துக்கும் பேச்சிப்பாறைக்கும் பேருந்தும் கொடுத்த பிறகு அந்த வாதத்தைக் கேட்கலாம். அதுவரை இந்த வண்டிகள் மலையோரப் பொருளாதாரத்தின் கால்கள்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. பெயர் மாற்றத்துக்கும் பதிவுப் புதுப்பிப்புக்கும் தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் திருவட்டாறிலும் குலசேகரத்திலும் ஞாயிற்றுக்கிழமை முகாம் நடத்தலாம். 2019க்கு முந்தைய வண்டிகளுக்குக் கழற்ற முடியாத எண் தகட்டை அதே முகாமில் மானிய விலையில் பொருத்தலாம்; பூட்டைப் பழைய கார்களுக்கும் விரித்து ஜெர்மனி செய்தது இதைப் போன்றதுதான். ஆக்கர் (பழைய இரும்பு) கடைகளும் பழைய உதிரிபாகக் கடைகளும் எஞ்சின், சேசிஸ் எண்களைப் பதிவேட்டில் எழுதாமல் வாங்கக் கூடாது என்று காவல்துறை கறாராக இருக்க வேண்டும். காசு வாங்கி டோக்கன் கொடுக்கும் வண்டி நிறுத்தங்கள், "தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையோடு கடமையை முடித்துக்கொள்ள விடக்கூடாது. தாஜ் மஹால் ஹோட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல், வண்டியையும் சாவியையும் பொறுப்பில் வாங்கிக்கொண்ட ஹோட்டல் அப்படி ஒரு வாசகத்தால் அலட்சியத்திலிருந்து தப்ப முடியாது என்றது. நட்சத்திர ஹோட்டலின் கார் உரிமையாளருக்குக் கிடைத்த அந்த நியாயம், பத்து ரூபாய் டோக்கன் வாங்கியவருக்கும் எட்ட வேண்டும்.

அரசு அசைய நாளாகலாம். வாசகர் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள்: பெயர் உங்களுடையதா, கைபேசி எண் உங்களுடையதா, பதினைந்து வருடம் முடிந்துவிட்டதா? ஒன்று பிசகியிருந்தாலும் ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று சரிசெய்துவிடுங்கள். திரும்பும் வழியில் மெக்கானிக்கிடம் லாக் செட்டையும் மாற்றச் சொல்லுங்கள்.